உதிர்ந்ததும் எடையில் சேரும்

மூடியக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. ஆய்வுக்கூடத்தில் வாசல் காவலர் முதல் பெரியவர் வரை எல்லோருக்கும் அவள் மூடியக்காதான். கண்ணில் படும் எதற்கும் மூடி தேடுகிறவள் என்பதால் வந்த பெயர். வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர்க் குடம், பால் சட்டி, உப்பு டப்பா, எதுவும் திறந்து கிடக்கக் கூடாது. "ஒருநாள் என் வாய்க்கும் அளவெடுத்து ஒண்ணு வாங்கிட்டு வருவா, பாருங்க" என்று அவள் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். வயரிங் வேலை செய்கிற மனுஷர். வாய் கொஞ்சம் அதிகம்தான். மூடி வாங்கினாலும் தப்பில்லை.

அவள் வேலை என்னவென்று கேட்டால், "உலையில வைப்பேன், எடுப்பேன், எடை போடுவேன்" என்பாள். கேட்கிறவர்கள் ரொட்டிக் கடையோ என்று நினைப்பார்கள். அவள் உலையில் வைப்பது உலோகம். சட்டைப் பொத்தான் அளவில் சின்னச் சின்ன வில்லைகள். எண்ணூற்றைம்பது டிகிரி சூட்டில் இருபது மணி நேரம் கிடந்தபின் இடுக்கியால் எடுத்து, ஆறவைத்து, தராசில் வைப்பாள். பிறகு மறுபடி உலைக்கு. இப்படி ஐம்பது தடவை, மொத்தம் ஆயிரம் மணி நேரம். தராசோ ஒரு கிராமை லட்சமாகப் பிரித்து அதில் ஒரு பங்கைக் காட்டுகிற தராசு. எதிரே நின்று பெருமூச்சு விட்டால்கூட எண் ஓடும். அதனால் எடை அறையில் மின்விசிறி கிடையாது, ஜன்னல் திறப்பதில்லை, வளையல் போட்டுக்கொண்டு யாரும் வரக் கூடாது. கோடையில் அந்த அறைக்குள் அரை மணி நேரம் நின்றவர்கள் அதற்குப் பிறகு மூடியக்காவிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார்கள்.

உலோகம் எதற்கு இந்தப் பாடு படுகிறது? டைட்டானியமும் அலுமினியமும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்ந்த கலவை அது. கனம் குறைவு, பலம் அதிகம். விமான எஞ்சினுக்குள் சூட்டில் சுழலும் பிளேடுகளுக்கு இதைவிட்டால் சுலபத்தில் ஆள் கிடைக்காது. ஒரே வியாதி, சூட்டில் காற்றுப் பட்டால் ஆக்சிஜன் அரிக்கும். அலுமினியத்தின் மேல் படிகிற பொருக்கு நல்ல பொருக்கு. மெலிதாக, இறுக்கமாக ஒட்டிக்கொண்டு காற்றை உள்ளே விடாது. டைட்டானியத்தின் பொருக்கு அவசரக்குடுக்கை. தடதடவென்று வளரும், ஆறும்போது விரிசல் விட்டு உதிரும். இந்தக் கலவையில் இரண்டும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும். பெரும்பாலும் அவசரக்குடுக்கைதான் ஜெயிக்கும். ஒட்டுகிற ஆக்சிஜனால் எடை ஏறும். ஏறிய எடை எவ்வளவோ அவ்வளவு அரிப்பு. மூடியக்கா படித்தது பத்தாவதுதான் என்றாலும் இதை எந்தப் பட்டதாரியையும் உட்காரவைத்துச் சொல்லுவாள்.

மூடியின் கதை இங்கேதான் வருகிறது. உதிர்ந்த பொருக்கை விட்டுவிட்டு வில்லையை மட்டும் நிறுத்தால் எடை குறைவாகக் காட்டும். குறைவாக ஏறினால் நல்ல உலோகம் என்று அர்த்தம். ஆக, மோசமாக உதிர்கிற உலோகம் தராசில் உத்தமன் வேஷம் போடும். அதைத் தடுக்க ஒவ்வொரு வில்லைக்கும் தனித்தனிப் பீங்கான் கிண்ணம், உலையிலிருந்து எடுத்த கணமே அதன் மேல் ஒரு பீங்கான் மூடி. ஆறும்போதுதான் பொருக்கு வெடிக்கும், துள்ளும். துள்ளுவதெல்லாம் மூடியில் முட்டிக் கிண்ணத்துக்குள்ளேயே விழும். பிறகு கிண்ணம், மூடி, வில்லை, உதிர்ந்தது எல்லாம் சேர்த்து எடை. கிண்ணமும் மூடியும் தங்கள் பங்குக்கு எடை மாறக் கூடாது என்பதால் அவற்றைக் காலியாக இரண்டு நாள் உலையில் சுட்டு, எடை அசையாமல் நின்ற பிறகே வேலைக்கு எடுப்பாள்.

இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வில்லைகளை எடை போடுவதற்கு முன் ஒரு சின்னத் தூரிகையால் சுத்தமாகத் துடைத்துவிடுவாள். அழுக்கோடு எதையும் தராசில் வைக்கக் கூடாது என்பது அவள் நினைப்பு. அவள் துடைத்துக் குப்பையில் போட்டதுதான் பொருக்கு. எடை அருமையாக வந்தது, அவளும் கையெழுத்துப் போட்டாள். அந்த உலோகத்தில் செய்த பிளேடுகள் சோதனை மேடையில் ஐந்து மாதம்கூடத் தாங்கவில்லை. ஓரமெல்லாம் அரித்து, ஒன்று முறிந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையே கிழித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணையில் இவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தூரிகை பிடித்த கை யாருடையது என்று அவளுக்குத் தெரியுமே! அன்றிலிருந்துதான் மூடி.

பத்தொன்பது வருஷம் அப்படியே ஓடியது. பிறகு புது மேனேஜர் வந்தார்.

கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அரிப்பு அவருக்கு. அந்த அரிப்பை எந்தத் தராசிலும் நிறுக்க முடியாது. வந்த வாரமே எடை அறையில் நின்று வியர்வையைத் துடைத்தபடி கேட்டார்.

"காலிக் கிண்ணத்தை எதுக்கும்மா ரெண்டு நாள் சுடறீங்க? உள்ளே ஒண்ணுமே இல்லையே."

"ஒண்ணும் இல்லாதப்பவே சுட்டுட்டா, அப்புறம் அது எடையில விளையாடாது சார்."

"மூடி வேற அடிக்கடி விரிசல் விடுதாமே. இனிமே கிண்ணமும் வேண்டாம், மூடியும் வேண்டாம். ஒரே தட்டு, ஆறு பள்ளம். வில்லையை வரிசையா நிறுத்துங்க, எடுங்க, எடை போடுங்க. வேற இடத்துல எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"உதிர்றது என்ன ஆகும் சார்?"

"உதிர்ந்தா உதிரட்டும். நம்ம பார்க்கறது வில்லையைத்தானே!"

அந்தச் சமயத்தில் உலைக்கு வந்தது கலவை டாக்டரின் உலோகம். உலோகக் கலவையில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்று காட்டுவதற்காக அந்தப் பெயர். டைட்டானியம் அலுமினியக் கலவையில் மூன்றாவதாக வேறொரு உலோகத்தைக் கொஞ்சம் சேர்த்தால் நல்ல பொருக்கு ஜெயிக்கும் என்று நம்பி, ஆறு வருஷம் அதையே கட்டிக்கொண்டு அழுதவர். அவர் வில்லைகள் தட்டில் ஏறின. முதல் சில நாட்கள் எடை ஏறியது. பிறகு நின்றுவிட்டது. வரைபடத்தில் கோடு தரையில் படுத்த மாதிரி நேராக ஓடியது. மேனேஜர் அதைப் பெரிதாக அச்சடித்துத் தன் அறைச் சுவரில் ஒட்டினார். கலவை டாக்டர் தினம் ஒருமுறை அதைப் பார்க்க வருவார். கோவிலுக்கு வருகிற மாதிரி வந்து நிற்பார்.

மூடியக்கா மட்டும் அந்தக் கோட்டை நம்பவில்லை. தட்டை வெளியே எடுத்து வைத்தால் டிக், டிக் என்று ஒரு சத்தம். பிறகு பார்த்தால் தட்டைச் சுற்றி மங்கிய வெள்ளையில் தூசியும் செதிலும். எடை நிற்கவில்லை. ஏறுவதும் உதிர்வதும் சமமாக ஓடுகிறது, அவ்வளவுதான். ஒரு கண்ணாடிப் புட்டியை வெறுமையாக நிறுத்து வைத்துக்கொண்டாள். தட்டில் விழுந்ததையும் உலைத் தரையில் விழுந்ததையும் தினம் கூட்டி அதில் சேர்த்தாள். மூடி போட்டாள் என்று சொல்லத் தேவையில்லை. அன்றன்றைக்கு அதை நிறுத்து, பதிவேட்டில் 'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினாள். நாற்பத்தொன்பதாவது முறை எடுத்தபோது கணக்கு இப்படி இருந்தது: வில்லைகள் ஒரு பங்கு எடை ஏறியிருந்தன, புட்டியில் எட்டுப் பங்கு கிடந்தது. ஆக ஒன்பது. மேனேஜரின் சுவரில் ஒன்று.

உலோகத்தை வாங்க வந்திருந்த எஞ்சின் கம்பெனி மறுநாள் காலை ஒரு ஆய்வாளரை அனுப்புவதாக இருந்தது. ஐம்பதாவது, கடைசி எடுப்பை அவர் கண்ணெதிரிலேயே நடத்திக்காட்ட மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். முந்தைய நாள் சாயங்காலம் தட்டச்சு செய்த அறிக்கையை மூடியக்காவின் மேஜையில் வைத்தார். அவள் புரட்டிப் பார்த்தாள். எல்லா எண்ணும் சரி. குறிப்பு என்ற கட்டத்தையே காணோம். அடியில், 'எடை பார்த்தவர்' என்ற இடத்தில் ஒரு கோடு அவள் பெயருக்காகக் காத்திருந்தது.

"நான் எழுதின குறிப்பு எங்க சார்?"

"அது அறிக்கைக்குத் தேவையில்லம்மா. குப்பையைக் கூட்டினதெல்லாம் ஒரு அளவா?"

"அது குப்பை இல்ல சார். அந்த உலோகத்தோட தோல்."

"இதுல இருக்கற எண்ணெல்லாம் நீங்க போட்டதுதானே? பொய்யா ஏதாவது இருக்கா?"

"பொய் இல்ல சார். பாதிதான் இருக்கு. பாதிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. "ஸ்டோர்ல ஆள் பத்தலைன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கையெழுத்துப் போடறதுன்னா தராசு உங்களோடது. இல்லைன்னா திங்கக்கிழமையிலேர்ந்து ஸ்டோர். யோசிச்சுக்குங்க."

இருபத்திரண்டு வருஷமாக அவள் உட்கார்ந்த நாற்காலி அது. காற்று அசையாத அந்த அறையும் அந்தத் தராசும்தான் உலகத்தில் அவளுக்கென்று இருந்த ஒரே இடம். வீட்டில்கூட அவளுக்கு அப்படி ஒரு மூலை கிடையாது. அதை இழக்க அவளுக்கு மனசே இல்லை. அறிக்கையை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாள். "யோசிச்சாச்சு சார்" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். அடுத்த வீட்டில் இருக்கிற நாத்தனாரும் வாசனை பிடித்த மாதிரி வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு கையெழுத்து அண்ணி! அதுக்குப் போய் ஒத்தக்கால்ல நிப்பீங்களா? ஊரே தலையாட்டும்போது உங்க தலை மட்டும் ஆடாதா?"

"ஆடாது."

"விமானத்துல நீங்க என்னிக்காவது ஏறியிருக்கீங்களா?"

"ஏறினதில்ல. ஏறினவங்க கீழ பத்திரமா இறங்கணும் இல்ல?"

கணவர் தண்ணீர்ச் செம்பின் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பிறகு, "அந்தப் பழைய பிளேடு ஞாபகமா?" என்று கேட்டார். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை அதை அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் மறந்திருப்பார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தலையசைத்தாள். "சரி, ஸ்டோர்லயாவது ஃபேன் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். பேச்சு குறைவு, பார்வை அதிகம். மேனேஜர் வரைபடத்தைக் காட்டினார், தேநீர் கொடுத்தார், எல்லோரையும் உலை அறைக்குக் கூட்டிவந்தார். கலவை டாக்டர் அன்றைக்குப் புதுச் சட்டை. ஆய்வாளர் அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிற ரகம்.

"எடை பார்த்தவர் கையெழுத்து இல்லையே?"

"இன்னிக்குக் கடைசி எடை முடிஞ்சதும் போட்டுடுவாங்க மேடம்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"போட மாட்டேங்க" என்றாள் மூடியக்கா. "ஏன்னு நான் சொல்லலை. நீங்களே கேளுங்க. அந்த ஃபேனை யாராவது நிறுத்துங்க."

கலவை டாக்டர்தான் போய் நிறுத்தினார், எதற்கென்று தெரியாமலே. மூடியக்கா கையுறை மாட்டி, உலைக் கதவைத் திறந்து, செக்கச்செவேலென்று இருந்த தட்டை நீள இடுக்கியால் எடுத்துக் கல் மேடையில் வைத்தாள். சிவப்பு மங்கியது, கறுத்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விரலை உதட்டில் வைத்தாள். மேனேஜரிடம்!

டிக்.

அப்புறம், டிக், டிக். பிறகு எண்ண முடியவில்லை. ஆறு வில்லையும் பொரிந்தன. கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே செதில்கள் துள்ளி மேடையில் விழுந்தன. ஒன்று கொஞ்சம் பெரியது, மேடை விளிம்பில் பட்டுத் தெறித்து, மேனேஜரின் பளபளக்கும் கறுப்பு ஷூவின் மேல் போய் உட்கார்ந்தது.

"அசையாதீங்க சார்" என்றாள் மூடியக்கா. "உங்க ஷூ மேல இருக்கறதையும் சேர்த்துத்தான் எடை போடணும்."

தூரிகையோடு குனிந்து, அந்தச் செதிலைப் புட்டியில் சேர்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் குப்பையில் தட்டிய அதே மாதிரித் தூரிகை. அந்தக் கணத்தில் அவளுக்குப் பயம் என்று ஒன்று இல்லவே இல்லை. புட்டியையும் தன் பதிவேட்டையும் ஆய்வாளர் கையில் கொடுத்தாள். அந்த அம்மாள் குறிப்புக் கட்டத்தை மேலிருந்து கீழ்வரை விரலால் தொட்டுப் படித்தார்.

"ஒன்பதா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"குறைஞ்சபட்சம் ஒன்பது. பறந்து போனது எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதுங்க."

ஆய்வாளர் அறிக்கையை மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தார். புது வில்லைகளை வைத்து முதலிலிருந்து செய்து, உதிர்ந்ததையும் சேர்த்து எடை அனுப்புங்கள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். மூடியக்காவுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. மனசை உறுத்தியது கலவை டாக்டரின் முகம்தான். அவர் மேடையை விட்டு நகரவே இல்லை.

"ஆறு வருஷம் அக்கா" என்றார்.

"தெரியும் சார். அதனாலதான் பாதியோட விடலை."

திங்கட்கிழமை கடிதம் வந்தது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். தராசின் கண்ணாடிக் கதவைத் துடைத்து, அதன் உறையைப் போர்த்திவிட்டு, மூடியக்கா கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நன்றாக, ஆத்திரம் தீர அழுதாள். முகம் கழுவிக்கொண்டு ஸ்டோருக்குப் போனாள். அங்கே மின்விசிறி இருந்தது, ஓடவில்லை. அன்று மதியமே கணவர் வந்து வாசலில் சீட்டு வாங்கி உள்ளே நுழைந்து, பத்து நிமிஷத்தில் அதை ஓடவைத்துவிட்டுப் போனார்.

ஸ்டோரில் மூன்றாவது அலமாரியில் பீங்கான் கிண்ணங்கள் ஒரு பெட்டியிலும் மூடிகள் வேறொரு பெட்டியிலும் கிடந்தன. அவள் முதல் வேலையாக ஒவ்வொரு கிண்ணத்தையும் எடுத்து அதற்குப் பொருந்துகிற மூடியைத் தேடி மேலே வைத்தாள். மூன்று நாள் ஆனது. யாரும் கேட்கவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை.

மறுசோதனைக்கான சீட்டோடு வியாழக்கிழமை கலவை டாக்டரே வந்தார். கோரிக்கைச் சீட்டில் மேனேஜரின் கையெழுத்து. 'பீங்கான் கிண்ணம் - 6.'

"மூடி?" என்றாள்.

"எழுத மறந்திருப்பார் அக்கா."

"அவர் எதையும் மறக்கிற ஆளில்ல சார். தட்டை விட்டுட்டுத் திறந்த கிண்ணத்துக்கு வந்திருக்கார். பாதி வழி."

டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "சீட்டுல இல்லாததை நீங்க கொடுத்தா வம்பு உங்களுக்குத்தான். இங்கேர்ந்தும் தூக்கிடுவார்."

"இதுக்கும் கீழ எங்க சார் அனுப்புவார்? வாசலுக்கா? அங்க உட்கார்ந்தாலும் மூடி இல்லாம ஒரு கிண்ணம் உள்ள போகாது."

டாக்டர் சிரித்துவிட்டார். ஐம்பதாவது எடுப்புக்குப் பிறகு அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. "உதிர்றது உதிரட்டும் அக்கா. இந்தத் தடவை எவ்வளவுன்னு எனக்கே தெரியணும்" என்றார்.

மூடியக்கா ஆறு கிண்ணங்களை மூடியோடு ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் வைத்தாள். காலியாகவே இரண்டு நாள் சுடச் சொன்னாள். பிறகு பேனாவை எடுத்து, மேனேஜர் எழுதியதற்குக் கீழே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் 'மூடி - 6' என்று எழுதினாள். அடியில் 'கொடுத்தவர்' என்று ஒரு கோடு இருந்தது. அதில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.